கயிற்றின் இந்த முனை

கயிறு ஒரு தரம் ஆடினால் சரி, இரண்டு தரம் ஆடினால் இழு. தண்ணீரில் இறங்குவதற்கு முன் புருசன் தவமணி சொன்னது இவ்வளவுதான், ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னதில் மனோரஞ்சிதத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "எனக்கென்ன காதா கேக்கல? போய்ட்டு வாங்க" என்றுவிட்டாள். போய்ட்டு வாங்க. பாசாருக்குக் காய்கறி வாங்கக் கிளம்புகிற மனுசனிடம் சொல்வதுபோல. அவர் நீச்சல் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு, ரொட்டி அறுக்கிற பல்லுக்கத்தியைக் கையில் பிடித்தபடி படகு ஏணியின் கடைசிப் படியில் நின்று ஒரு கணம் மேலே பார்த்தார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாக, யாரோ வேற்றாளுடைய கண்ணாகத் தெரிந்தன, அதில் இருந்தது பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடுவதற்குள் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு பல தடவை மேலே வந்துவிட்டார், வந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க மூச்சு வாங்குவார், "நெறைய இருக்கு ரஞ்சி, தலைமுடி மாதிரி சுத்திக்கிச்சு" என்பார், மறுபடி போவார். ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்குகிற நேரம் கூடிக்கொண்டே வந்தது, பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தடவை பேசவேயில்லை. அவர் இடுப்பிலிருந்து வருகிற கயிற்றின் இந்த முனை அவள் உள்ளங்கையில் இருக்கிறது. ஒன்று சரி, இரண்டு இழு. மதிய வெயிலில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது, பாய்மரத்தில் பாயை விரித்தாலும் சேலை காயப்போட்டதுபோலத் தொங்கும், அவ்வளவுதான் காற்று. எங்கிருந்தோ அறுந்து மிதந்து வந்த மீன்வலை ஒன்று படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது, எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோனது, அப்போதிருந்து நீரோட்டம் அவர்களை மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒரு பாறைத்தீவை நோக்கிக் கொண்டுபோகிறது. முதலில் பார்த்தபோது அது பச்சையாக ஒரு மேடு. பிறகு அதில் மரங்கள் தெரிந்தன. இப்போது பாறையில் பறவை எச்சம் வெள்ளையாய் வழிந்திருப்பது தெரிகிறது, மரத்தின் வேர் பாறையைப் பிடித்திருப்பது தெரிகிறது, அதைப் பார்க்கக் கூடாது, கயிற்றைப் பார். ரேடியோவில் உதவி கேட்டாகிவிட்டது, லங்காவியிலிருந்து இழுவைப் படகு கிளம்புகிறது என்றார்கள். "வருவாங்க லா, வராம இருக்க மாட்டாங்க" என்றார் தவமணி சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஆனா பாறை அதுக்கு முன்னாடி வந்துரும்."

பயப்படாதீங்க அன்பர்களே, கடலுக்குப் பயம் வேணாம், மரியாதை போதும். ஐயோ, இந்தக் குரல். இப்போது போய் இந்தக் குரல் வர வேண்டுமா? இளமாறனுடைய குரல், தேனில் லேசாகப் புகை பிடித்தாற்போல, அவள் கிள்ளானில் நர்ஸ் வேலையில் சேர்ந்த காலத்தில் காலை பஸ்ஸில் ஓட்டுநரின் ரேடியோவிலிருந்து வந்த அதே குரல். காலை வணக்கம் என்று அவன் சொல்லாவிட்டால் அவளுக்கு விடியாது. இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் நாள் முழுவதும் மற்றவர்களுடைய இரத்தம் குழாய்க்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், வீட்டுக்கு வந்தால் காலில் நரம்பு புடைத்திருக்கும், அந்தக் குரல்மட்டும் அவளை எதற்கும் கேள்வி கேட்காது. அப்புறம் ரேடியோவிலிருந்து காணாமல் போனான். அவள் பணி ஓய்வு பெற்று, ராத்திரி வேலையே பழகிப்போன உடம்பு தூங்க மறுத்த நாட்களில், கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது திடீரென்று அதே குரல், நரைத்த தாடி, பின்னால் நீலம், காலுக்குக் கீழே ஒரு பாய்மரப் படகு. அன்பர்களே, நாலு சுவத்துக்குள்ள நாற்பது வருசம் இருந்தோமே, இந்தக் கடல் நம்ம வாசல்லதானே இருந்துச்சு. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைத்தான் சொன்னான். வேறு யாரைச் சொன்னான்? மகள் மெல்பர்னில், வீட்டில் இரண்டு பேர், ஒருத்தர் தொலைக்காட்சி முன்னால், ஒருத்தி அடுக்களையில். தவமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஆயுசெல்லாம் உயரத்தில் உட்கார்ந்து கப்பலுக்குள் பெட்டிகளை இறக்கினார், ஒரு கப்பலிலாவது ஏறிப் போக வேண்டும் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. கேட்டவள் இவள். நச்சரித்தவள் இவள். "அந்தாள் வாய் உப்புத்தண்ணி பட்டும் துருப்பிடிக்கல பாரு" என்று அவர் சிரித்தார், இவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு ஒருநாள் அவராகவே போய்ப் படகோட்டக் கற்றுத்தரும் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "திங்கக்கிழமை ஆரம்பிக்குது, உனக்குந்தான்" என்றார். இவளுடைய ஆசைக்கு அவர் கற்றுக்கொண்டார், படகும் வாங்கினார். இவளுடைய ஆசைக்கு அவர் இப்போது அடியில் இருக்கிறார். கயிறு ஆடியதா? ஒன்று. ஒன்றுதான். சரி. சரியென்றால் சரிதான்.

இப்படி வலை சிக்கினால் என்ன செய்வது என்றுகூட இளமாறன் ஒரு காணொளிப் படம் போட்டிருந்தான். அவள் அதை எத்தனை தடவை பார்த்திருப்பாள். அதைப் பார்த்ததால்தான், எஞ்சின் நின்றதும் தவமணி உறைந்துபோய் நின்ற நேரத்தில், இவள் பெரிய ஆள்போல, "கயிறு கட்டிக்கிட்டு எறங்கணுங்க, கத்தி பல் வச்சதா இருக்கணும், மேல உள்ளவங்க கயித்த விறைப்பா வச்சுக்கணும்" என்று ஒப்பித்தாள். ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதுபோல. இளமாறன் படத்தில் தண்ணீருக்குள் குதித்தான், குமிழி வந்தது, இசை வந்தது, ஒரு கைப்பிடி அறுந்த வலையை வெற்றிக்கோப்பைபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான், பார்த்தீங்களா அன்பர்களே, இவ்வளவுதான் கடல். அது இவ்வளவுதானா என்று லங்காவியில் படகுத்துறையில் கேட்டவர் ஹெங். பினாங்கில் பல் மருத்துவராக இருந்தவர், மனைவி செத்த பிறகு தனியாகப் படகில் வாழ்கிறார், சாயங்காலம் எல்லாப் படகுக்காரர்களும் மீன் சுட்டுச் சாப்பிடுகிற இடத்தில் இளமாறன் பேச்சு வந்தால் ஹெங்குக்கு முகம் சிவந்துவிடும். "நாங்க பாதி நாள் கக்கூஸ் பைப்பு அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், அவன் ஒரு நாளாவது கக்கூஸ காட்டினானா?" என்று மலாய் மொழியில் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "பல்லப் புடுங்குறப்ப வலிக்காதுன்னு சொல்ற டாக்டர் அவன். பல்லு அவனோடது இல்ல." அதற்கு ரசீஃப் ஒத்துக்கொள்ள மாட்டார். ரசீஃப் அலோர்ஸ்டாரில் ஆசிரியராக இருந்தவர், நிதானமான மனிதர், அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் மனைவியோடு உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்ப்பார். "அவன் இல்லேன்னா என் வீட்டுக்காரி போட்ல கால் வச்சிருக்க மாட்டா. பொய் சொன்னான்னே வச்சுக்குவோம். அந்தப் பொய்யில ஏறி உண்மையான கடலுக்கு வந்துட்டோமா இல்லியா?" என்பார். ஹெங் மீன் முள்ளைத் துப்பிவிட்டு, "வந்துட்டோம். திரும்பிப் போறது?" என்றார். மனோரஞ்சிதம்தான் விடவில்லை. அவளுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது, தன் அண்ணனை யாரோ நடுத்தெருவில் வைத்துத் திட்டியதுபோல. நீங்கள் அவர் ரேடியோவைக் கேட்டதில்லை, உங்களுக்கென்ன தெரியும், பயத்தைக் காட்டினால் யார் வருவார்கள், நோயாளி கையில் ஊசி குத்தும்போது நாங்களும்தான் எறும்பு கடிக்கிற மாதிரி என்கிறோம், அது பொய்யா? என்னென்னவோ பேசினாள். தவமணி சுட்ட மீனின் நல்ல துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். எறும்பு கடிக்கிற மாதிரி என்று சொல்லிவிட்டுக் குத்தும்போது ஊசி அவள் கையில் இருந்தது, நோயாளி பக்கத்தில் அவள் நின்றாள், குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு இரத்தம் நிற்கிறவரை நின்றாள். இவன் நிற்கிறானா? எங்கே நிற்கிறான்? ஏதோ ஒரு நல்ல துறையில் படகைக் கட்டிப்போட்டு, கோப்பி குடித்துக்கொண்டு, அன்பர்களே என்று ஆரம்பித்துக்கொண்டிருப்பான். வேர்களுக்கு நடுவே ஒரு நண்டு ஓடுகிறது. நண்டு தெரிகிற தூரமா? தெரியவில்லை, அது நிழல், நண்டில்லை, கயிற்றைப் பார் ரஞ்சி.

கயிறு ஆடியது. ஒன்று. பிறகு, இரண்டாவது முழுதாக வராமல், பாதியில் நின்றுபோனதுபோல ஏதோ ஒன்று. ஒன்றரை. ஒன்றரைக்கு என்ன அர்த்தம்? ஒன்றரையைப் பற்றி அவர் சொல்லவில்லையே. ஒன்று சரி, இரண்டு இழு, ஒன்றரை? அலை தட்டியிருக்கலாம், அலையே இல்லை. கயிறு ஏதாவது முனையில் உரசியிருக்கலாம். இரண்டாவதை இழுக்கத் தெம்பில்லாமல் விட்டிருக்கலாம். போன தடவை மேலே வந்தபோது உதடு நீலமாயிருந்ததா, இல்லை கண்ணாடியின் நிழலா? அவள்தானே பார்த்தாள், உதட்டைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா அவளுக்கு, எத்தனை உதடு பார்த்தவள், ஏன் அப்போதே போதும் ஏறுங்க என்று சொல்லவில்லை? பாறை வந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை. அவருடைய உதட்டைவிடப் பாறையைப் பெரிதாகப் பார்த்துவிட்டாள். "என்னாங்க" என்று கூப்பிட்டாள். தண்ணீர் எண்ணெயாகக் கிடந்தது. குமிழி இருந்த இடத்தில் குமிழி இல்லை. "என்னாங்க!" தண்ணீருக்குள் எப்படிக் கேட்கும், பைத்தியமா அவள், இழு, இழுத்தால் தப்பென்றால் திட்டிக்கொள்ளட்டும், திட்டுவதற்கு மேலே வரட்டும், இழு. இழுத்தாள். கயிறு கொஞ்சம் வந்தது, நின்றது. காலைப் படகின் ஓரத்தில் உதைத்துக்கொண்டு முழு உடம்பையும் போட்டு இழுத்தாள். எதிர்முனையில் கனம் இருந்தது. கட்டையோ பாறையோ இப்படியிருக்காது, இது உயிருள்ள கனம், இவள் இழுக்க அது எதிர்ப்பக்கம் இழுத்தது, இவள் இன்னும் இழுக்க இன்னும் வேகமாக உதறியது. கயித்த விறைப்பா வச்சுக்கணும் அன்பர்களே, கயிறுதான் உங்க உயிர். விறைப்பாகத்தானே வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு இழுப்பு. விட்டுவிட்டால் அவ்வளவுதான், இதுதான் அவரையும் இவளையும் சேர்த்து வைத்திருப்பது, இதை விட்டுவிட்டு மகளிடம் என்ன சொல்வாள், கயித்த நாந்தாம்மா விட்டேன் என்பாளா? உள்ளங்கைத் தோல் எரிந்தது. அந்த எரிச்சலுக்குள்ளே கை வேறெதையோ நினைத்துக்கொண்டது, இவள் நினைக்கவில்லை, கைதான் நினைத்தது. குழாயை நரம்புக்குள் ஏற்றும்போது உள்ளிருந்து எதிர்ப்பு வந்தால் அழுத்தக் கூடாது. நிறுத்து. கையை எடு. அழுத்தினால் எங்கோ கிழியும், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே கிழிப்போம். பயிற்சிக்கு வந்த பெண்கள் கை நடுங்க நிற்கும்போது எத்தனை தடவை அவர்கள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். எதிர்க்குது பாரு, விடு, விட்டுட்டு யோசி. ஆனால் இது நரம்பில்லை, இது புருசன். விடு. இது புருசன். அதனால்தான் விடு. அவள் கையைத் திறந்தாள். திறப்பது அவ்வளவு லேசாக இல்லை, விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கயிறு பாம்புபோல ஓரத்தில் வழுக்கி ஓடித் தண்ணீருக்குள் விழுந்தது, அதன் வால்முனையும் உள்ளே போனது, அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றுமில்லை, கடலின் எந்தப் பக்கத்திலும் ஒன்றுமில்லை, அவள் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதில்லை. அம்மா, மாரியாத்தா என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு படகின் மறுபக்கத்தில், அவள் முதுகுக்குப் பின்னால், யாரோ கதவைத் தட்டுவதுபோலப் படகின் உடம்பில் ஒரு தட்டு.

விழுந்தடித்து மறுபக்கம் ஓடிக் குனிந்து பார்த்தாள். படகின் பின்வளைவுக்குக் கீழே, நின்றபடி பார்த்தால் தெரியாத நிழலில், தவமணியின் முகம் வானத்தைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தது, வாய் மீனின் வாய்போலத் திறந்து திறந்து மூடியது. அடிவழியாக இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கயிறு படகுக்கு அடியில் ஓடியிருக்கிறது. அவள் அங்கிருந்து இழுத்த ஒவ்வொரு இழுப்பும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுசனைத் தண்ணீருக்குள், படகுக்கு அடியில் இழுத்திருக்கிறது. அவருக்குக் கத்துவதற்கு மூச்சில்லை. இது முழுவதும் ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பக்கம் மாட்டினாள், படியில் இறங்கி அவர் கக்கத்தில் கை கொடுத்தாள், எப்படி ஏற்றினாள் என்று பிறகு கேட்டால் அவளால் சொல்ல முடியாது. தோளிலும் முதுகிலும், படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்த கோடுகள், இரத்தம் உப்புத்தண்ணீரோடு இளஞ்சிவப்பாக ஓடியது. உதடு நீலம்தான். மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி ஓடியது, குதிரை மாதிரி ஓடியது, ஓடட்டும். அவர் பேச முயன்றார், இருமல் வந்தது, வாந்தி வந்தது, எல்லாம் முடிந்த பிறகு கையை நீட்டி எஞ்சின் சாவியைக் காட்டினார். "அறுத்துட்டேன்" என்றார். அவள் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நீரில் கிடந்த கயிறு மறுபடி விசிறியில் சிக்கிவிடுமே என்ற நினைப்பு வந்து, திரும்பி, அவர் இடுப்பிலிருந்த முடிச்சிலிருந்து முழுவதையும் மேலே இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி இருமியது. பாறையில் உட்கார்ந்திருந்த பறவை இவர்களைத் தலை சாய்த்துப் பார்த்தது, அதன் மஞ்சள் அலகு தெரிந்தது, அலைநுரை கல்லில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது, மூன்றாவதாக எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் சுக்கானை முழுவதுமாக ஒடித்தாள். படகு யோசித்தது. பிறகு திரும்பியது, பாறை அவர்களுடைய வலத்தோளை ஒட்டி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது, வேர்கள் மரமாகி, மரம் பச்சையாகி, திறந்த கடல் முன்னால் வந்தது. இழுவைப் படகுக்கு ரேடியோவில் சொன்னாள், வர வேண்டாம், நாங்களே வருகிறோம். தன் குரல் அவளுக்கே வார்டில் பேசுகிற குரலாகக் கேட்டது.

காயத்தைக் கழுவி மருந்து வைக்கும்போது அவர் முனகவில்லை. அவள்தான் ஆரம்பித்தாள். "நாந்தான் இழுத்தேன்" என்றாள். "தெரியும்" என்றார். "உங்கள உள்ள இழுத்துட்டேன்." "விட்டுட்டியே." அவர் முதுகை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு தரம் ஆட்டலாம்னு பார்த்தேன் ரஞ்சி, ரெண்டாவதுக்குக் கை வரல." அவள் பஞ்சை மாற்றினாள். இனிமேல் அந்த இளமாறன் முகத்தில் முழிக்க மாட்டேன், அந்தக் குரலை இந்தப் போட்டில் கேட்க விட மாட்டேன், ஹெங் சொன்னதுதான் சரி, கொலைகாரப் பாவி, விறைப்பாகப் பிடி என்றானே, என்று அவள் பொரிந்து தள்ளியபோது அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அந்த வலை அறுக்குற படத்த நானும் பார்த்திருக்கேன். நீ தூங்கினப்புறம்." அவள் கை நின்றது. "நீங்களா? அந்தாளப் பிடிக்காதுன்னீங்க?" "பிடிக்காதுதான். நீ எங்க போகணும்னு ஆசைப்படுறேன்னு தெரிஞ்சுக்க வேணாமா? அதுக்குப் பார்த்தேன்." மறுபடி இருமல். அவள் தண்ணீர் கொடுத்தாள், இரண்டு வாய் குடித்தார். "கீழ இருக்கறப்ப அதான் ஓடுச்சு தலைக்குள்ள. அவன் தண்ணிக்குள்ள குதிக்கிறான். சரி. மேல கயித்தப் பிடிச்சது யாரு? படம் எடுத்தது யாரு? போட்ல அவனும் பொண்டாட்டியும் ரெண்டே பேருதானே?" அவர் அவ்வளவு பேசியதே அதிகம், தலையைச் சாய்த்துக்கொண்டார். மனோரஞ்சிதம் ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் இரத்தம் தோய்ந்த பஞ்சுமாக நின்றாள். இளமாறனுக்கு மனைவி உண்டு, ஒரு தடவை பெயர்கூடச் சொன்னான். இத்தனை வருசப் பழக்கத்தில் அந்தப் பெயர் அவளுக்கு ஞாபகமில்லை. முகம் ஞாபகமில்லை. அந்தப் பெண் பேசிக் கேட்டதில்லை, எல்லாப் படத்திலும் அவள் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள், புருசன் குதிப்பதை, குமிழி நிற்பதை, தண்ணீர் ஒன்றும் சொல்லாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கேமரா. இல்லை, கயிறே இல்லாமல் இரண்டு கையிலும் கேமரா. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கயிறுகூட இல்லை. மனோரஞ்சிதம் அந்தப் படத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், அவன் குதிக்கிறான், தண்ணீர் மூடிக்கொள்கிறது, ஒரு நேரம் போகிறது, இன்னும் போகிறது. சுக்கானில் இருந்த அவள் கை, பாறை போய் இவ்வளவு நேரமாகியும், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி எடுத்த அந்தப் படமோ, அவன் முங்கியதிலிருந்து எழும்புகிறவரை, ஒரு துளிகூட ஆடவில்லை.